சோறா? வேலையா?

சென்ற திங்கள் ஓர் இரவு, நம் விடுதியின் உணவுக்கூடத்தில் ஒரு வாதம் எழுந்தது. எழுப்பியவர் என் நண்பர், நல்லவர், பிறர் துன்பம் கண்டு இரங்கத் தெரிந்தவர். அவர் சொன்னார்: "அரிசி சும்மா கிடைக்கிறது. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்து விழுகிறது. பிறகு எவன் வேலைக்குப் போவான்? உதவியை நிறுத்திப் பாருங்கள். மறுநாளே மண்வெட்டியைத் தூக்குவான்." சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். எனக்கு அப்போது விடை சொல்ல வரவில்லை. தட்டில் இருந்த சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

நான் இடுக்கி மாவட்டத்தின் பீர்மேட்டு மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை; நான் பேசப் போவது ஏட்டில் மட்டும் படித்ததன்று என்பதற்காகச் சொல்கிறேன். என் பாட்டியின் கையில் ஓய்வூதியப் பணத்தையும், என் தாயின் கையில் மண்வெட்டியையும் ஒரே வீட்டில் கண்டு வளர்ந்தவன் நான். ஒன்று வந்ததால் மற்றொன்று கீழே விழுந்ததை நான் கண்டதில்லை.

உதவி மனிதனைச் சோம்பேறியாக்கும் என்ற எண்ணம் நம் நண்பர் கண்டுபிடித்ததன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1834-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தன் ஏழையர் சட்டத்தைத் திருத்தியது. உடல் வலுவுள்ள ஏழைக்கு உதவி வேண்டுமானால் அவன் உழைப்பு விடுதிக்குள் வரவேண்டும். அங்கே அவன் வாழும் வாழ்வு, வெளியே உள்ள கடைசிக் கூலியாளின் வாழ்வைவிடத் தாழ்ந்ததாக இருக்கவேண்டும். இதுவே அச்சட்டத்தின் உயிர்க் கொள்கை. அதே நூற்றாண்டில், 1867-இல், வடலூரில் இராமலிங்க அடிகள் தருமசாலை அடுப்பை மூட்டினார். பசித்தவன் வந்தால் சோறு, அவ்வளவுதான். ஒரே நூற்றாண்டு, இரண்டு பார்வை. நம்மை ஆண்டவர்கள் முதற் பார்வையைத்தான் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. பஞ்சத்தில் அடிபட்டவர்க்கு அரசு வேலை தந்தது. மண் வெட்டவும் கல் உடைக்கவும் ஆட்களைச் சேர்த்தது. 1877-இன் தொடக்கத்தில் நிலைமையைப் பார்க்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைக்கச் செய்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை உண்டு மண் சுமக்க உடம்பு தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். கூலியைக் கூட்டினால் கூலிகள் பெருகிவிடுவார்கள் என்று அஞ்சியவர்கள், கூலியைக் குறைத்தால் கூலிகள் செத்துவிடுவார்கள் என்று அஞ்சவில்லை. சென்னையில் இன்று நாம் காணும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது.

பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் மிகப் பலர். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பீர்மேட்டு மலைக்கும் தேவிகுளத்து மலைக்கும் கம்பம், போடிக் கணவாய்கள் வழியே நம்மவர் கூட்டங் கூட்டமாக ஏறினர். காடு வெட்டினர்; காப்பி நட்டனர்; தேயிலை நட்டனர். வேலை செய்ய மனமில்லாதவனா பிறந்த மண்ணை விட்டு அட்டை கடிக்கும் காட்டுக்குள் ஏறுவான்? நம்மைச் சோம்பேறிகள் என்பவர், நம் பாட்டன்மார் ஏறிய மலையை ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும்.

இனி என் ஊர்க் கதைக்கு வருகிறேன். சோவியத்து நாடு 1991-இல் சிதறியபோது, இந்தியத் தேயிலையின் பெரிய சந்தை ஒன்றும் சிதறியது. தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலை விலை சரிந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேட்டுப் பகுதியில் தோட்டங்கள் பல மூடப்பட்டன. முதலாளி கீழே இறங்கிப் போனார். தொழிலாளி மேலேயே நின்றான். போவதற்கு அவனுக்கு வேறு ஊர் இல்லை. தோட்டத் தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் தரவேண்டுமென 1951-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. ஆனால் தோட்டமே மூடினால் வீட்டுக் கூரையை மாற்றுவது யார்? மருந்து தருவது யார்? வர வேண்டிய பணிக்கொடையைத் தருவது யார்?

அந்த நாளில் எங்கள் மலையில் மனிதர்கள் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. கைவிடப்பட்ட தோட்டத்தில் கொழுந்து பறித்துத் தாமே விற்றனர். சீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போயினர். பிள்ளைகள் திருப்பூருக்குப் பனியன் தைக்க இறங்கினர். நூறு நாள் வேலை அதற்குப் பின்னால்தான் வந்தது. ஆகவே காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்க வேண்டா. தேயிலை விலை சரிந்ததால் வேலை போயிற்று. உதவி வந்ததால் வேலை போகவில்லை. அறிவியல் பயிலும் எனக்கு முதலாண்டிலேயே கற்பித்த பாடம் இது: எது முன், எது பின் என்று பார்க்காமல் எதற்கு எது காரணம் என்று சொல்லாதே.

வேலை இருந்த இடத்தில் நிலை என்ன? 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் தெருவில் வந்து அமர்ந்தார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று அவர்கள் தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் 20 விழுக்காடு ஊக்கத்தொகையைப் பெற்றார்கள். அப்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், அக்டோபரில் 301 ஆயிற்று. நாள் முழுவதும் கூடை சுமந்தும் அரசின் மலிவரிசி இல்லாமல் அடுப்பெரியாத வீடுகள் அவை. உதவி பெறுபவர் வேறு, உழைப்பவர் வேறு என்று நாம் மனத்துக்குள் கோடு கிழித்து வைத்திருக்கிறோம். மலையில் அந்தக் கோடு இல்லை. இருவரும் ஒருவரே.

ஆனால் நண்பர் ஒன்றைச் சரியாகவே கண்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உதவி பெறும் சிலர், வந்த வேலையை ஏற்காமல் விடுவதுண்டு. நானே கண்டிருக்கிறேன். ஏன் விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். ஏலக்காய்த் தோட்டத்தில் கிடைத்த நாளில் வேலை. கூட்டிக் கழித்தால் மாதம் 6,000 ரூபாய் தேறும். விதவை ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். 2025 நவம்பரில் கேரள அரசு 1,600-இலிருந்து உயர்த்திய தொகை அது. ஆக ஆண்டுக்கு 96,000 ரூபாய். குமுளியில் ஒரு துணிக்கடையில் மாதம் 9,000 ரூபாய்க்கு வேலை வந்தது. போக வேண்டியதுதானே என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 9,000 வீதம் ஆண்டுக்கு 1,08,000. ஓய்வூதியத்துக்குக் குடும்ப வருமான எல்லை ஆண்டுக்கு 1 லட்சம். எல்லையைத் தாண்டியாயிற்று, ஆகவே ஓய்வூதியம் போயிற்று. பேருந்துக்குப் போக வர நாளொன்றுக்கு 40 ரூபாய், மாதம் 25 நாள், ஆண்டுக்கு 12,000. மிச்சம் 96,000 ரூபாய். பழையது 96,000, புதியதும் 96,000. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே உழைப்பதற்கு ஓராண்டில் கிடைக்கும் ஆதாயம் சுழி!

அதுவும் ஓராண்டு வேலை நிலைத்தால்தான். விழாக்காலம் முடிந்து கடைக்காரர் "போதும்" என்று சொல்லிவிட்டால்? ஓய்வூதியத்துக்கு மீண்டும் விண்ணப்பம், மீண்டும் வருமானச் சான்று, மீண்டும் காத்திருப்பு. அதற்குள் ஏலத்தோட்டத்தில் அவர் இடத்தில் வேறொருவர் கூடை மாட்டியிருப்பார். அக்கா கடைக்குப் போகவில்லை. நண்பர் அவரைச் சோம்பேறி என்பார். நான் அவரைக் கணக்குத் தெரிந்தவர் என்பேன்.

மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? முன்கால் மண்ணில் நன்றாக ஊன்றிய பிறகே பின்காலைத் தூக்குவாள். மழை பெய்து வழுக்கும் நாளில் இதில் தவறினால் கூடையோடு பள்ளத்தில்தான் கிடக்கவேண்டும். நம் நலத்திட்டங்களை வகுப்போர் அவளிடம் சென்று பாடம் கேட்கவேண்டும். "முதலில் பின்காலை எடு, பிறகு முன்காலுக்கு இடம் தேடிக்கொள்" என்கின்றன நம் விதிகள். வேலை என்பது முன்கால். உதவி என்பது பின்கால். முன்கால் ஊன்றும்வரை பின்காலை இழுக்காதீர்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

உதவியை இழுத்துக்கொண்டால் வேலை வருமா என்பதை ஒரு பெரிய நாடு சோதித்தே பார்த்துவிட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் 1996 ஆகஸ்டில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வாழ்நாளில் ஐந்தாண்டுக்கு மேல் நடுவண் அரசின் பணவுதவி இல்லை. வாங்கும் காலத்திலும் வேலை செய்தாகவேண்டும் என்றது அச்சட்டம். தொடக்கத்தில் தனித்து வாழும் தாய்மார் பலர் வேலைக்குச் சென்றது உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது அந்நாடு செழித்திருந்த காலம். குறைந்த கூலி பெறுவோர்க்கு வரித்துறை வழியே மேற்கொண்டு பணம் தரும் திட்டமும் அப்போது விரிந்திருந்தது. அதாவது பின்காலுக்கு வேறொரு பிடி இருந்தது. பின்னர் என்ன ஆயிற்று? பிள்ளைகளை உடைய வறிய குடும்பங்களில் நூற்றுக்கு 68 குடும்பங்கள் 1996-இல் அந்தப் பணவுதவியைப் பெற்றன. 2020-இல் பெற்றவை நூற்றுக்கு 21. உதவி பெறுவோர் தொகை குறைந்ததை வெற்றி என்றார்கள். வறுமை அந்த அளவுக்குக் குறைந்ததா என்று கேட்டால் விடை இல்லை.

மற்றொரு சோதனையும் உண்டு. வங்காள தேசத்தில் 'பிராக்' என்னும் நிறுவனம் 2002-இல் ஒரு திட்டம் தொடங்கியது. மிக வறிய குடும்பத்துக்கு ஓர் ஆடோ மாடோ கொடுப்பது, அது பயன் தரும்வரை உண்பதற்குச் சிறு தொகை கொடுப்பது, தொழில் கற்பிப்பது, சேமிக்கச் சொல்வது, வீடு தேடி அடிக்கடி சென்று பார்ப்பது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு இவ்வாறு கைப்பிடித்து நடத்திவிட்டு, பிறகு விடுவது. இதே முறையை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். அபிஜித் பானர்ஜி, எசுத்தர் டுஃப்லோ முதலியோர் அதன் முடிவை 2015-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். உதவி முடிந்து ஓராண்டு கழித்தும் அக்குடும்பங்களின் உணவும் வருவாயும் மற்றவரைவிட மேலாகவே நின்றன. உண்ணக் கொடுத்ததால் அவர்கள் உறங்கிவிடவில்லை. பணம் வழங்கும் ஏழு அரசுத் திட்டங்களை ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலும், பணம் பெற்றதால் மக்கள் வேலையைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

அயல்நாடு எதற்கு? பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடி நமக்கு அருகிலேயே இருக்கிறது. இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் மலை. 1951-இல் அங்கே பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. கீழ்நாட்டு மலையாளிகளும் குடியேறினர். கிழக்கிலிருந்து தமிழரும் குடியேறினர். நிலம் கைமாறியது. இதைச் சொல்லும்போது நாம் தலைகுனிய வேண்டும், தோழர்களே! ஒரு மலையில் இழந்தவர்களாக நிற்கும் நம் இனம், மற்றொரு மலையில் எடுத்துக்கொண்டவர் பக்கத்திலும் நின்றிருக்கிறது. பறிபோன நிலத்தை மீட்டுத் தரக் கேரளம் 1975-இல் ஒரு சட்டம் இயற்றியது. பத்தாண்டுக்கு மேல் அது நடைமுறைக்கே வராமல் கிடந்தது. 1999-இல் அதன் இடத்தில் வேறொரு சட்டம் வந்தது. நிலத்தோடு கேழ்வரகும் சாமையும் தினையும் துவரையும் போயின. ஊட்டம் குறைந்த தாய்மார் வயிற்றில் பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. 2013-இல் அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் வந்தன; கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் சோறு கிடைத்தது. கேரளத்தில் 1998-இல் தோன்றிய குடும்பசிரீ இயக்கம் அட்டப்பாடிப் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்தது. தரிசாகக் கிடந்த துண்டு நிலங்களில் அவர்கள் மீண்டும் கேழ்வரகும் சாமையும் விதைத்தனர். வேலை உறுதித் திட்டத்தின் 100 நாளோடு, பழங்குடிக் குடும்பங்களுக்கு மாநில அரசு தன் செலவில் மேலும் 100 நாள் வேலை சேர்த்தது. சமையற்கூடத்தில் அடுப்பு எரிந்தது. வயலிலும் மண்வெட்டி விழுந்தது. "சோறா, வேலையா" என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துன்பம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நிலச் சிக்கல் தீராமல் அது தீராது. ஆனால் வழி எந்தப் பக்கம் என்பது தெரிகிறது.

2025 நவம்பர் 1-இல் கேரளம் தன்னைக் கடுவறுமை ஒழிந்த மாநிலம் என்று அறிவித்தது. 64,006 குடும்பங்களை முன்பே கணக்கெடுத்து, குடும்பத்துக்கொரு திட்டம் தீட்டி, உணவும் மருந்தும் வீடும் வருவாயும் தேடித் தந்ததாக அரசு கூறியது. குடும்பத்துக்கொரு திட்டம் என்ற முறை மிக நல்ல முறை, பாராட்ட வேண்டும். அறிவிப்பு நாளோடு அந்தக் கவனிப்பு முடிந்துவிடக் கூடாது என்பதே என் அச்சம். தூக்கி நிறுத்தப்பட்டவன் நிற்கிறானா என்று மறு ஆண்டும், அதற்கு மறு ஆண்டும் போய்ப் பார்க்கவேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் நடுவண் அரசு 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் கொண்டுவந்தது. 100 நாள் 125 நாள் ஆயிற்று, நன்று. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்கவேண்டும். உழவு மும்முரமாக நடக்கும் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். உழவு நடக்கும் ஊரில் இது பொருந்தலாம். மூடிக் கிடக்கும் தோட்டத்தில் எந்த உழவு? கேரளத்தில் இந்த வேலைக்கு வருவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அந்த 60 நாள் அவர்கள் அடுப்பில் எதை வைப்பார்கள்?

குறை சொல்வது எளிது. என்ன செய்யவேண்டும் என்றும் சொல்லவேண்டும். நான் கேட்பவை நான்கு. உதவி பெறுபவர் வேலையில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் உதவியை நிறுத்தக் கூடாது. பிறகு வருவாய் ஏற ஏறச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். வேலை போனால், புது விண்ணப்பம் இல்லாமலே பழைய உதவி மறுமாதம் திரும்பவேண்டும். செய்த வேலைக்குக் கூலி நாள் தவறாமல் வரவேண்டும். கூலி தாமதமாகும் வேலை ஏழைக்கு வேலையன்று, அவன் அரசுக்குக் கொடுக்கும் கடன். நான்காவதாக, தமிழர் வாழும் தேவிகுளம், பீர்மேடு, சிற்றூர்ப் பகுதிகளில் விண்ணப்பமும் விளக்கமும் தமிழிலும் கிடைக்கவேண்டும். 1950-க்கு முன்பே முன்னோர் இங்கு இருந்தனர் என்று காட்டமுடியாமல் சாதிச் சான்றிதழுக்கு அலையும் நம் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு ஒரு தீர்வு வேண்டும். தோட்டமே மூடிக் கிடக்கையில் பாட்டன் பெயர் எழுதிய பேரேட்டை யாரிடம் போய்க் கேட்பது?

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. அரசுப் பணம் வற்றாத ஊற்றன்று. ஆனால் கணக்கை முழுதாகப் போடவேண்டும். அந்த அக்காவுக்கு இரண்டு ஆண்டு ஓய்வூதியம் 48,000 ரூபாய். அந்த 48,000-ஐத் துணையாகக் கொண்டு அவர் கடைவேலையில் காலூன்றிவிட்டால், பிறகு அவருக்கு அந்த உதவியே வேண்டா. இன்று 24,000-ஐ மிச்சம் பிடிப்பதாக எண்ணி அவரை வீட்டிலேயே நிறுத்தி வைத்தால், முதுமை வரை ஆண்டுதோறும் 24,000 கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். எது சிக்கனம்?

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்கவேண்டுமா? நம் சங்கத்தில் இடுக்கியிலிருந்தும் பாலக்காட்டு எல்லையிலிருந்தும் வந்தவர்கள் பலர் இருக்கிறோம். மலையாளம் படிக்கத் தெரியும், தமிழும் தெரியும், கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்பவும் தெரியும். விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒவ்வொருவரும் பத்து வீட்டுக்குப் போவோம். என்ன உதவி வருகிறது, என்ன நின்றிருக்கிறது, ஏன் நின்றது, எந்த வேலையை எதற்கு அஞ்சி விட்டார்கள் என்று கேட்டு எழுதுவோம். நிரப்ப வேண்டிய தாளை நிரப்பிக் கொடுப்போம். எழுதியதைத் தொகுத்து ஊராட்சிக் கூட்டத்தில் வைப்போம். இதற்குப் பட்டம் வேண்டா, பணம் வேண்டா; பத்து நாள் பொழுது போதும்.

அந்த நண்பரையும் இந்த முறை என்னோடு பீர்மேட்டுக்கு அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். விடியுமுன் எழுந்து, ஏலத்தோட்டத்துச் சீப்புக்குக் காத்து நிற்கும் பெண்களின் வரிசையை அவருக்குக் காட்டப் போகிறேன். அவர்களில் பாதிப்பேர் கையில் அரிசி அட்டை இருக்கும். தலையில் கட்டிய துணியும், இடுப்பில் கட்டிய சாக்கும், தூக்குவாளியில் அந்த அரிசியில் வடித்த சோறும் இருக்கும். உணவுக்கூடத்தில் என்னால் சொல்ல முடியாமற்போன விடையை அந்த வரிசை சொல்லும்.